கருத்துப் படிவங்கள் எல்லாவற்றிலும் ‘நன்று’ என்றே வந்திருக்கிறது; பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எதை வைத்து எழுதுவது?

செம்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 186 பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வளர்ச்சித் திட்டத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, ‘இந்த முறையும் நாமே உட்கார்ந்து எழுதிவிடாமல், பிள்ளைகளையும் பெற்றோரையும் ஆசிரியர்களையும் கேட்டு எழுதலாம்’ என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது.

மூன்று தரப்புக்கும் தனித்தனிப் படிவம் தயாரித்தோம். ஒவ்வொன்றிலும் பத்துக் கேள்விகள். எதிரே ‘மிக நன்று’, ‘நன்று’, ‘சுமார்’, ‘திருப்தி இல்லை’ என்று நான்கு கட்டங்கள். பெற்றோருக்கான படிவங்களைப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்பினோம். ஆறு முதல் எட்டு வரையுள்ள மாணவர்களிடம் வகுப்பாசிரியர்களே பாடவேளையில் கொடுத்து, நிரப்பச் செய்து வாங்கினார்கள். ஆசிரியர்கள் தங்கள் படிவத்தைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிடும்படி கேட்டுக்கொண்டோம்.

மூன்று இரவுகள் உட்கார்ந்து எண்ணினேன். ஏறக்குறைய எல்லாக் கட்டங்களிலும் ‘நன்று’. கழிப்பறை வசதி எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கும் ‘நன்று’. மாணவியர் கழிப்பறைகள் நான்கில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பது எனக்கே தெரியும். பெற்றோர் படிவங்கள் பலவற்றில் இருப்பது பிள்ளைகளின் கையெழுத்துதான். ஒரே ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால், “பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்காதன்னு எங்க அம்மா சொல்லிருக்கு” என்று எழுதியிருந்தது. நான் கேட்ட பத்துக் கேள்விகளில் எதற்கும் அது விடை இல்லை என்பதால், எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்தப் படிவங்களை வைத்துக்கொண்டு திட்டம் எழுத முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய கரும்பலகை எழுதியது:

தம்பி, முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். நான் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். என் காலத்தில் வளர்ச்சித் திட்டம் என்பது, போன ஆண்டு எழுதியதில் தேதியை மாற்றிக் கையொப்பம் வாங்கும் வேலையாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு மேலாண்மைக் குழுவைப் பற்றியது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 22ஆம் பிரிவு, வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பை அந்தக் குழுவிடம் தருகிறது. ஆனால் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி விதிகளைப் பாருங்கள். மூன்றாண்டுத் திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவை கேட்பவை, வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள், எத்தனை ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை, என்ன கட்டடம், என்ன தளவாடம், எவ்வளவு பணம் என்பவை மட்டுமே. எண்ணி எழுதக்கூடியவற்றைத்தான் படிவம் கேட்கிறது. அதனால் நம் திட்டங்கள் யாவும் சுற்றுச்சுவர், கூடுதல் வகுப்பறை, மேசை நாற்காலி என்று பட்டியலாகவே முடிகின்றன. ஒரு பிள்ளை ஏன் மதியத்துக்குமேல் வகுப்பில் சோர்ந்து கிடக்கிறது என்பதை எழுத அதில் கட்டம் கிடையாது.

ஊரைக் கேட்டுப் பள்ளியைச் சீர்செய்யும் வழக்கம் நமக்குப் புதிதும் அன்று. காமராசர் ஆட்சியில், 1958இல், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடந்தது. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊரார் முன்னிலையில் பட்டியல் போட்டார்கள். மணியை ஒருவர் ஏற்றார், பெஞ்சுகளை ஒருவர் ஏற்றார். அங்கும் பேசப்பட்டது பொருள்களைப் பற்றித்தான் என்றாலும், கேட்டவரும் கொடுத்தவரும் ஒரே பந்தலில் இருந்ததால் சொன்னது என்னவாயிற்று என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தப் பென்சில் வரியை அலட்சியம் செய்யாதீர்கள். குடிநீர்த் தொட்டியைக் கழுவிப் பல நாளாகியிருக்கலாம். தண்ணீர் மாதிரியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

கடைசிப் பேருந்து எழுதியது:

ஐயா மன்னிக்க வேண்டும், அந்த வரி தண்ணீரின் சுத்தத்தைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினராகவும் இருக்கிறேன். ‘தண்ணீர் குடிக்காதே’ என்று நானே என் பெரியவளிடம் சொல்லியிருக்கிறேன். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத இடத்துக்கு வயது வந்த பெண் எப்படிப் போவாள்? காலையில் பாட்டிலில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் மாலையில் அப்படியே திரும்பி வரும். ஆறு மாதம் கழித்து நீர்க்கடுப்பு என்று மருத்துவமனைக்கு அலைந்தோம். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி நான் கூட்டத்தில் பேசினேனா என்றால், இல்லை. ஊர்ப் பெரியவர்கள், வார்டு உறுப்பினர், ஆண் ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதை எந்த வாயால் எடுப்பது என்ற கூச்சம்.

நீங்கள் அனுப்பிய படிவம் என் வீட்டுக்கு வந்திருந்தால் நானும் ‘நன்று’ என்றுதான் போட்டிருப்பேன். பிள்ளை அங்கேதான் படிக்கிறாள், வாத்தியார் முகத்தில் விழிக்க வேண்டியவள் அவள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாக்களுக்குப் பத்துக் கேள்வி என்பது பரீட்சை. பிள்ளையிடமே கொடுத்து ‘ஏதாவது போட்டுவிடு’ என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நடக்கிறது. நான் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். முதல் ஆண்டில் மூன்று கூட்டங்களுக்கு வந்தேன். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினார்கள், தீர்மானம் என்ன என்று ஒருவரும் படித்துக் காட்டவில்லை. நான்காம் முறை போகவில்லை. ‘பெற்றோருக்கு ஆர்வம் இல்லை’ என்று ஆசிரியர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும்.

கேட்க வேண்டுமானால், நாங்கள் இருக்கிற இடத்துக்கு வாருங்கள். மகளிர் குழுவில் வாரப் பணம் கட்டும் மாலையில் வந்தால் நாற்பது அம்மாக்களை ஒரே திண்ணையில் பார்க்கலாம். நூறு நாள் வேலையில் சாப்பாட்டு நேரத்தில் மரத்தடிக்கு வாருங்கள். ஒரு டீச்சர் வந்து உட்கார்ந்தால் போதும், படிவம் எதுவும் வேண்டாம்.

எண்ணிக்கை எழுதியது:

புள்ளியியல் படித்தவன் என்ற முறையில் ஒரே ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் மனிதர்கள் மரியாதையைத்தான் விடையாகத் தருவார்கள். விருந்துக்குப் போன வீட்டில் ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்பது போன்றது அது. நடந்ததைக் கேளுங்கள், எண்ணைக் கேளுங்கள். ‘கழிப்பறை வசதி எப்படி?’ என்பதற்குப் பதிலாக, ‘நேற்றுப் பள்ளி நேரத்தில் கழிப்பறைக்கு எத்தனை முறை போனாய்?’ என்று மாணவியரிடம் கேட்டிருந்தால், பூச்சியம் என்ற விடை வரிசையாக வந்திருக்கும். அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. ‘ஆசிரியர் அன்பாக நடத்துகிறாரா?’ என்பதைவிட, ‘புரியவில்லை என்று கடைசியாக எப்போது கையைத் தூக்கினாய், அப்போது என்ன நடந்தது?’ என்பது நல்ல கேள்வி.

இரண்டாவதாக, வந்த படிவங்களை எண்ணுவதற்குமுன் வராத படிவங்களைப் பாருங்கள். எந்தத் தெருவிலிருந்து வரவில்லை, எந்த வகுப்பிலிருந்து வரவில்லை, அடிக்கடி விடுப்பெடுக்கும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து வந்ததா என்று வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். திருப்பூர்ப் பக்கம் என்றால், தமிழ் படிக்கத் தெரியாத பீகார், ஒடிசாப் பெற்றோர் உங்கள் கணக்கில் இருக்கவே மாட்டார்கள். சொல்லாதவர்களிடம்தான் பெரும்பாலும் சொல்ல வேண்டிய செய்தி இருக்கும்.

186 பேர் கொண்ட பள்ளிக்குச் சராசரியும் சதவீதமும் தேவையே இல்லை என்பது என் கருத்து. பதினொரு மாணவியர் உள்ள வகுப்பில் ‘82 சதவீதம் திருப்தி’ என்று எழுதினால், மீதி இரண்டு பேர் யார் என்று மறுநாளே எல்லோரும் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

சாக்பீஸ் எழுதியது:

செம்மண் சார், பெற்றோரையும் பிள்ளைகளையும் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள்; ஆசிரியர் படிவத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஏழெட்டு ஆசிரியர்கள் உள்ள பள்ளியில், தலைமையாசிரியர் மேசையில் வைக்கப்படும் படிவத்தில் தலைமையாசிரியரின் நிர்வாகத்தைப் பற்றி உண்மையை எழுதுபவர் மறுநாள் பணிமாறுதலுக்குத் தயாராக இருப்பவராகத்தான் இருக்க முடியும். பெயர் எழுதாவிட்டாலும், கையெழுத்து தெரியாதா?

எங்கள் பள்ளியில் வேறுவிதமாக முயன்றோம். யாரையும் குறை சொல்லும்படி கேட்காமல், ஆளுக்கொரு கால அட்டவணை நகலைக் கொடுத்து, இரண்டு வாரங்களில் எந்தெந்தப் பாடவேளையில் வகுப்பைவிட்டு வெளியே போக நேர்ந்ததோ, அல்லது வகுப்பிலேயே இருந்தும் பாடம் நடத்த முடியாமல் போயிற்றோ, அந்தக் கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் நிரப்பிக் காரணத்தை ஒரு சொல்லில் எழுதச் சொன்னோம். எட்டுத் தாள்களையும் அலமாரிக் கதவில் வரிசையாக ஒட்டியபோது, காலை முதல் வேளை முழுவதும் சிவப்பாக இருந்தது. எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் வருகைப் பதிவு, செயலியில் மதிப்பீட்டுப் பதிவேற்றம், விலையில்லாப் பொருள்கள் வழங்கிய விவரம், இணையம் வராமல் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தது என்று காரணங்கள். யார் மீதும் குற்றம் சொல்லப்படாததால் தலைமையாசிரியரும் சங்கடப்படவில்லை. அவருடைய தாளும் அங்கேதான் ஒட்டியிருந்தது, எல்லாவற்றையும்விடச் சிவப்பாக. உடனடியாகச் செய்தாக வேண்டிய வருகைப் பதிவைத் தவிர மற்றவற்றைக் கடைசி வேளைக்குத் தள்ளினோம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் காலை வேளை திரும்பக் கிடைத்தது.

படிவத்தில் ‘நிர்வாகம் எப்படி?’ என்று கேட்டிருந்தால் நாங்களும் ‘நன்று’ என்றே போட்டிருப்போம்.

பழைய கரும்பலகை எழுதியது:

கடைசிப் பேருந்து அம்மா சொன்னதைப் படித்த பிறகு, முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் இருந்தும் தண்ணீர் பாட்டில் ஏன் நிரம்பியபடியே வீடு திரும்புகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லையே என்று வெட்கப்பட்டேன்.

சாக்பீஸ் டீச்சர் சொன்ன கையெழுத்து விஷயமும் என்னைச் சுட்டது. ஒருமுறை கருத்துப் பெட்டியில் விழுந்த தாளின் கையெழுத்தை விடுப்பு விண்ணப்பங்களோடு ஒப்பிட்டு, எழுதியவரைக் கண்டுபிடித்தேன். தண்டிக்கவில்லை, ‘நீங்கள்தான் எழுதினீர்கள் என்று தெரியும்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும் வரை அந்தப் பெட்டியில் ஒரு தாளும் விழவில்லை.

அக்கரை எழுதியது:

பதினைந்து ஆண்டுகளாகச் சிகாகோவில் இருக்கிறோம். இங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகிய மூவரிடமும் ஆண்டுதோறும் கருத்துக் கேட்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு நெடுங்காலம் ஆராய்ந்து, தலைமை, ஆசிரியர் ஒத்துழைப்பு, குடும்பத்தின் ஈடுபாடு, பாதுகாப்பான சூழல், சவாலான கற்பித்தல் ஆகிய ஐந்தில் குறைந்தது மூன்றில் வலுவாக உள்ள பள்ளிகள் முன்னேறும் வாய்ப்பு பத்து மடங்கு அதிகம் என்று கண்டது. நம் ஊரிலும் அதே வினாத்தாளைத் தமிழாக்கிப் பயன்படுத்தினால் என்ன?

எண்ணிக்கை எழுதியது:

அக்கரை அவர்களே, வினாத்தாளை மட்டும் கப்பலேற்ற முடியாது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் சிகாகோவின் ஒவ்வொரு பள்ளிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று வந்தது. பெற்றோர் மிகுதியாக உள்ள அந்த மன்றம்தான் தலைமையாசிரியரையே தேர்வு செய்கிறது, செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருகிறது. கருத்துக்குப் பின்னால் அங்கே கொஞ்சம் அதிகாரம் நிற்கிறது. நம் குழுவுக்கு நிரந்தர ஆசிரியர் நியமனத்தில் எந்தக் கையும் கிடையாது. 2024இல் தமிழ்நாட்டில் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 20 என்பது 24 ஆயிற்று, முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். அதிகாரம் அப்படியே இருக்கிறது. ஆகவே, குழுவின் கைக்கு எட்டுவது எது, மேலே அனுப்ப வேண்டியது எது என்று கருத்துகளை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செம்மண் எழுதியது:

எட்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பழைய படிவங்களைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டோம். எங்கள் அறிவியல் ஆசிரியை, ஆறு முதல் எட்டு வரையுள்ள மாணவியரைத் தனியே உட்காரவைத்து, பள்ளியின் வரைபடத்தைத் தரையில் கோலப்பொடியால் போட்டு, தாங்கள் போகாமல் தவிர்க்கும் இடங்களில் புளியங்கொட்டை வைக்கச் சொன்னார். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கழிப்பறைமேல் கொட்டைகள் குவிந்தன, அதை எதிர்பார்த்தோம். எதிர்பாராதது, கைகழுவும் குழாயடியிலும் பல கொட்டைகள் விழுந்ததுதான். அங்கே வெளி இளைஞர்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்களாம். குழாய் இருக்கும் பக்கத்தில் சுற்றுச்சுவர் இடுப்பளவுதான். ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் நான் வண்டியை நிறுத்துகிறேன். பிள்ளைகள் புகார் எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி எங்கள் பள்ளியிலும் இருக்கிறது, 14417, 1098 என்ற உதவி எண்களும் சுவரில் எழுதியிருக்கின்றன. இது புகாராகச் சொல்லத்தக்க செய்தி என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றவில்லை.

மாணவர்களிடம் ஆசிரியர் வேறொரு விதமாகப் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் சொன்னது எங்களைத் திகைக்க வைத்தது. முதலமைச்சரின் காலை உணவு எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். தம்பி தங்கையைக் கையைப் பிடித்து அழைத்து வரும் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், சின்னவர்கள் பொங்கலும் சாம்பாரும் சாப்பிடும்போது தூணோரம் நின்றுவிட்டு, மதிய உணவு வரை வெறும் வயிற்றோடு இருக்கிறார்கள். வீட்டில் அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார். முதல் இரண்டு வேளைகளில் அந்த வகுப்புகள் ‘கவனம் இல்லாதவை’ என்று ஆசிரியர்கள் ஓய்வறையில் அலுத்துக்கொள்வது வழக்கம், நானும் அலுத்துக்கொண்டிருக்கிறேன். இதற்குக் குழுவால் விடை காண முடியவில்லை. தீர்மானமாக எழுதி, பெற்றோர் செயலியில் தேவையாகப் பதிந்து, ஒன்றியத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். பதில் வரவில்லை. பதில் வரவில்லை என்பதையே வாசல் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

கூட்டத்தை ஒருமுறை மட்டும் மாலை ஆறரை மணிக்கு, மகளிர் குழு கூடும் திண்ணையில் வைத்தோம். வழக்கமாக ஏழு பேர் வரும் கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். தீர்மானங்களைத் தலைவி உரக்கப் படித்தார். எழுத்துக் கூட்டித்தான் படித்தார், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. பேச்சு பல திசைகளில் போயிற்று, ஒரு தந்தை வீட்டுப்பாடம் போதவில்லை என்றார், மற்றொருவர் மிகுதி என்றார். அதை அப்படியே இரண்டு வரியாக எழுதிக்கொண்டோம்.

எங்கள் அளவுள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. அந்தத் தொகையிலிருந்து நான்கு தாழ்ப்பாள், நான்கு வாளி, உடைந்த ஒரு கதவுக்குத் தகரம் ஆகியவை வந்தன. வெல்டிங் கடைக்காரர் பழைய மாணவர், கூலி வாங்கவில்லை. சுற்றுச்சுவரை உயர்த்துவதற்கு ஊராட்சியில் கேட்டிருக்கிறோம். அதுவரை குழாயடியில் பழைய கீற்றுத் தட்டியைக் கட்டியிருக்கிறோம், பார்க்க அழகாக இல்லை.

கடைசிப் பேருந்து எழுதியது:

படிக்க நிறைவாக இருக்கிறது சார். அந்தப் பென்சில் வரியை எழுதிய பிள்ளை யார் என்று தேடினீர்களா?

செம்மண் எழுதியது:

இல்லை அம்மா. பெரியவர் சொன்ன கையெழுத்துக் கதையைப் படித்தபிறகு அந்தத் தாளை எவருக்கும் காட்டவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. தாழ்ப்பாள் போட்ட மூன்றாம் நாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் சட்டையைப் பிடித்து இழுத்து, “சார், பூட்டு எட்டல” என்றாள். வெல்டிங் கடைக்காரர் தம் தோளுயரத்துக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளை மட்டுமே கேட்டிருந்தோம். இரண்டு கதவுகளில் இன்னொரு தாழ்ப்பாளைக் கீழே வைக்க, வரும் சனிக்கிழமை அவர் மறுபடி வருகிறார். உயரத்தைக் காட்ட அந்தப் பிள்ளையையும் அம்மாவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.